பழைய பிரெஞ்சுப் பீங்கான் சமையல் பாத்திரங்களை வீட்டு அலங்காரத்துக்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பாரிசை ஒட்டியுள்ள சாந்-வான் பழம்பொருள் சந்தையில் அடுக்கி வைத்திருப்பதைப் போலவே வீட்டிலும் அமைக்க விரும்புவதாகவும், அவற்றில் சமைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடை அடுக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. நிறம் பார்த்துச் சேர்த்து, விரிசல் விழுந்த பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைப்பது வியாபாரியின் சாமர்த்தியம். கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டியது வாங்குபவர்.

தென்மேற்குப் பிரான்சின் கான்ஃபி சாடியையே எடுத்துக்கொள்வோம். உப்பிட்டுக் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்த வாத்து இறைச்சியை (இதுதான் கான்ஃபி), அந்தக் கொழுப்பு மேலே மூடி நிற்கும்படி மாதக்கணக்கில் சேமித்து வைத்த சுடுமண் சாடி இது. உட்புறத்துக்கும் வெளிப்புறத்தின் மேற்பாதிக்கும் கண்ணாடி போன்ற மஞ்சள் அல்லது பச்சை மெருகு பூசி, கீழ்ப்பாதியை வெறும் மண்ணாகவே விட்டிருப்பார்கள். குளிர்ச்சிக்காக நிலவறைத் தரையில் பாதி புதைத்து வைத்ததே இதற்குக் காரணம் என்று வியாபாரிகள் சொல்வது வழக்கம். மண்ணுக்குள் மறையும் பகுதிக்கு மெருகைச் செலவழிப்பானேன் என்ற சிக்கனமும் இருந்திருக்கும். உண்மையிலேயே புழங்கிய சாடியில், மெருகில்லாத பகுதியில் கொழுப்பு ஊறிய கருந்திட்டுகள் தாறுமாறாகப் படர்ந்திருக்கும், அடிவிளிம்பு தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். பழசாகக் காட்டுவதற்காகச் சாயம் பூசிய புதுச் சாடியிலோ அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்.

அடியில் முத்திரை இருந்தால் காலத்தை ஓரளவு கணிக்கலாம். 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டதால், ‘பிரான்ஸ்’ என்று பொறித்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. சார்கமின் என்ற ஊரின் பெயர்பெற்ற மட்கல ஆலை இருந்த லொரேன் பகுதி 1871-இல் ஜெர்மனியின் கைக்குப் போன பிறகு, அந்நிறுவனம் பிரெஞ்சு மண்ணில் திக்வான் என்ற ஊரில் புது ஆலை தொடங்கியது. ஆகவே இரண்டு ஊர்ப் பெயர்களும் சேர்ந்த முத்திரை உள்ள பாத்திரத்தை அதற்கு முந்தியது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வடமேற்குப் பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலுள்ள கெம்பேர் நகரில் 1690-இல் மட்கலத் தொழில் தொடங்கியதாகச் சொல்வார்கள் என்றாலும், அப்பகுதியின் பாரம்பரிய உடையில் ஆணும் பெண்ணும் நிற்கும் புகழ்பெற்ற தட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவின.

மாவு, சர்க்கரை, காப்பி என்று பெயர் எழுதி, பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் டப்பா வரிசை எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. மூடி மாறியதும், வெவ்வேறு வரிசைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததும் அதில் அதிகம். அந்தப் பணத்துக்கு நல்ல கான்ஃபி சாடி ஒன்றை வாங்கி, பக்கத்தில் வேறெதுவும் இல்லாமல் வைக்கலாம்.

சமைக்க மட்டும் வேண்டாம். பழைய மெருகுகளில், குறிப்பாக அந்த மஞ்சளிலும் பச்சையிலும், ஈயம் இருக்கிறது. புளிப்புப் பண்டம் பட்டால் அது உணவில் இறங்கும். உப்பு, ஊறுகாய், பால் எதையும் போட்டு வைக்காதீர்கள். பூ வைப்பதானால் உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றுங்கள். தட்டுகளை அடுப்புக்கு மேலே மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மெருகின் மயிரிழை விரிசல்களுக்குள் எண்ணெய்ப் புகை இறங்கிவிட்டால் எந்தச் சவர்க்காரத்தாலும் அதை எளிதில் எடுக்க முடியாது.