‘கீழே வா’ என்றால் மேடையைவிட்டு இறங்குவதா? புதிய நடிகர்களுக்கான ஒத்திகைச் சொற்கள்

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் இந்த ஆண்டுதான் சேர்ந்தேன். முதல் ஒத்திகையில் இயக்குநர் “டவுன்ஸ்டேஜ் வா”, “மாஸ்க் பண்ணாதே”, “பிளாக்கிங்கைக் குறிச்சுக்கோ”, “கியூவை விடாதே”, “உன் அப்ஜெக்டிவ் என்ன?” என்று சொல்லிக்கொண்டே போனார். பாதி புரியவில்லை. கேட்கவும் தயக்கம். அடுத்த ஒத்திகைக்குள் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: இந்தச் சொற்களை அகராதி போல மனப்பாடம் செய்து பயனில்லை. இவற்றில் பெரும்பாலானவை உடம்புக்குச் சொல்லப்படும் கட்டளைகள். நடந்து பார்த்துத்தான் பழக வேண்டும். மொட்டை மாடியில் 15 அடிக்கு 12 அடி இடத்தைச் சாக்பீஸால் வரைந்து, நீளத்தை மூன்றாகவும் அகலத்தை மூன்றாகவும் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 5 அடிக்கு 4 அடியாக ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். 15 அடிப் பக்கம் ஒன்றில் பார்வையாளர்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்த்து நில்லுங்கள்.

இப்போது உங்கள் வலக்கைப் பக்கம் ‘ஸ்டேஜ் ரைட்’, இடக்கைப் பக்கம் ‘ஸ்டேஜ் லெஃப்ட்’. கணக்கு எப்போதும் நடிகரின் கைதான். எதிரே உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது தலைகீழ். ஆனாலும் அவர் உங்கள் பக்கத்தை வைத்துத்தான் சொல்வார். நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பினாலும் மேடையின் வலம் மாறுவதில்லை. புதியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பார்வையாளருக்கு அருகில் உள்ள வரிசை டவுன்ஸ்டேஜ், பின்வரிசை அப்ஸ்டேஜ். ஐரோப்பாவின் பழைய மேடைகள் பின்புறம் உயர்ந்து முன்புறம் சரிந்திருந்தன. பின்னால் போனால் ஏற்றம், முன்னால் வந்தால் இறக்கம். தரை சமமான பிறகும் பெயர் நின்றுவிட்டது. ‘கீழே வா’ என்றால் முன்னால் வர வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் ‘டவுன்ஸ்டேஜ் ரைட்’ என்பதுபோலக் கட்டத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல, மற்றவர் போய் நிற்க வேண்டும். தினம் பத்து நிமிடம், மூன்று நாள் போதும்.

‘மாஸ்க் பண்ணாதே’ என்றால் இன்னொருவரை மறைக்காதே என்று பொருள். (மேடையின் பக்கவாட்டை மறைக்கும் கறுப்புத் துணிகளுக்கும் மாஸ்கிங் என்றுதான் பெயர், குழம்ப வேண்டாம்.) இந்த அக்கறை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஏழு கோல் (அந்தக் கால நீள அளவு) அகலமும் எட்டு கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உள்ள அரங்கை விவரிக்கும்போது, தூண்களின் நிழல் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. இதன் மறுபக்கம் ‘ஓப்பன் ஆகு’. எதிரே நிற்பவரோடு பேசும்போது முழுதாக அவர் பக்கம் திரும்பினால் அரங்கத்துக்குப் பாதி முகம்தான் தெரியும். இரண்டு பாதங்களையும் பார்வையாளர் பக்கம் சுமார் 45 பாகை திருப்பி வைத்து, கண்ணை மட்டும் அவரிடம் கொடுங்கள். கை நீட்டுவதானால் பார்வையாளருக்குத் தூரமான கையை நீட்டுங்கள். கிட்ட இருக்கும் கை மார்பையும் முகத்தையும் மறைக்கும். மண்டியிடும்போது நேர்மாறாக, பார்வையாளர் பக்கத்து முழங்கால் தரையில் இருக்கட்டும்.

காட்சியில் யார், எப்போது, எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்ற ஏற்பாடுதான் பிளாக்கிங். இதைப் பென்சிலால் மட்டுமே குறியுங்கள். நான்கு முறையாவது மாறும். நாடகப் பிரதியின் தாள்களை நோட்டில் வலப்பக்கம் மட்டும் ஒட்டி, இடப்பக்கத்தை வெற்றாக விடுங்கள். ‘மே.வ’ என்றால் மேல்மேடை (அப்ஸ்டேஜ்) வலம், ‘கீ.ந’ என்றால் கீழ்மேடை (டவுன்ஸ்டேஜ்) நடு என்று சுருக்கி, நகர்வுக்கு அம்புக்குறி போடுங்கள். எந்தச் சொல்லில் நகர்கிறீர்களோ அந்தச் சொல்லின் மேலேயே ஓர் எண்ணை எழுதி, அதே எண்ணை இடப்பக்கக் குறிப்புக்கும் கொடுங்கள். ‘இங்கே நட’ என்று பொதுவாக எழுதினால் அடுத்த வாரம் எதற்கு நடந்தோம் என்றே நினைவிருக்காது. சொல்லைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. நகர்ந்து நின்றபின் பேசினால் வசனம் ஓங்கும். பேசிவிட்டு நகர்ந்தால் நகர்வு ஓங்கும். ஓர் அடி முன்பின் ஆனாலும் காட்சியின் பொருள் மாறும்.

கியூ என்பது நீங்கள் பேசவோ நகரவோ தொடங்குவதற்கான அடையாளம். பெரும்பாலும் எதிராளியின் கடைசிச் சில சொற்கள். சில சமயம் ஒரு கதவுச் சத்தம், ஒரு விளக்கு. தன் வசனத்தை மட்டும் உருப்போட்டு வருபவர் மேடையில் கியூ கேட்டும் விழிப்பார். உங்கள் வரிக்கு ஒரு நிறம், கியூவுக்கு இன்னொரு நிறம் பூசுங்கள். நண்பரிடம் பிரதியைக் கொடுத்து, கியூக்களை வரிசை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். மூச்சை உங்கள் முறை வந்தபின் இழுக்காமல், எதிராளியின் கடைசி மூன்று சொற்களிலேயே இழுத்துவிட்டால் நடுவில் ஓட்டை விழாது.

அடுத்தது ‘புரொஜெக்ஷன்’, குரலைக் கடைசி வரிசைவரை எட்ட வைப்பது. இது கத்துவதல்ல. கத்தினால் தொண்டை இறுகி, ஒரு மணி நேரத்தில் குரல் கட்டும். விலா விரியும் அளவுக்கு மூச்சை நிரப்பி, மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல்வதுதான் வழி. தமிழில் நடிப்பவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ‘நாளைக்கு அவன் இங்கே வர…’ என்பதுவரை கணீரென்று சொல்லிவிட்டு மூச்சு தீர்ந்து வாலை விழுங்கினால், அவன் வருவானா, வரமாட்டானா என்பதே கேட்காது. கதையின் திருப்பம் அந்த வாலில்தான் இருக்கும். வீட்டில் வசனத்தைச் சொல்லும்போது கடைசிச் சொல்லை மட்டும் இரட்டிப்பு மூச்சோடு சொல்லிப் பழகுங்கள். பத்தடி தள்ளிப் போனைப் பதிவில் வைத்துக் கேட்டால் எங்கே விழுங்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடினமானது அப்ஜெக்டிவ். ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) வழியாக உலகெங்கும் பரவிய கருத்து இது: இந்தக் காட்சியில் இந்தப் பாத்திரத்துக்கு எதிராளியிடமிருந்து என்ன வேண்டும்? விடை ‘கோபமாக’, ‘சோகமாக’ என்று இருக்கக் கூடாது; அவற்றை நடிக்கப் போனால் புருவமும் குரலும் மட்டும் வேலை செய்யும். விடை வினையாக இருக்க வேண்டும். இரவு தாமதமாக வந்த மகனிடம் அப்பா “எப்ப வந்தே?” என்கிறார். ‘அவன் வாயிலிருந்தே பொய்யை வரவழைக்க வேண்டும்’ என்பது ஒரு அப்ஜெக்டிவ். ‘காலையில் போட்ட சண்டையை முடித்துக்கொள்ள வேண்டும்’ என்பது இன்னொன்று. வசனம் ஒன்றே, ஆனால் நாடகம் வேறு. சொல்லப்படாமல் அடியில் ஓடும் இந்த எண்ணத்துக்கு சப்டெக்ஸ்ட் என்று பெயர்.

உணர்ச்சியை நேரடியாகப் பிடிக்காமல் காரணத்தைப் பிடி என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் கைகொடுக்கும். உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளுக்கும் தலைக்கு நான்கு நிலைக்களன்கள், அதாவது அவை பிறக்கும் காரணங்கள், அங்கே உண்டு. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இகழப்பட்டவரின் அழுகையும், பறிகொடுத்தவரின் அழுகையும், நிலை தாழ்ந்தவரின் அழுகையும், இல்லாதவரின் அழுகையும் ஒன்றல்ல. ‘அழு’ என்று பிரதியில் இருந்தால், நான்கில் எது என்று ஓரத்தில் எழுதுங்கள்.

மற்றவை எளிது. பிரதியைப் பார்க்காமல் நடிக்கத் தொடங்குவது ‘ஆஃப் புக்’. அதன்பின் வரி மறந்தால் மன்னிப்பு கேட்காமல், பாத்திரத்திலிருந்து விலகாமல் “லைன்” என்று மட்டும் சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். ‘ரன் த்ரூ’ என்றால் நிறுத்தாமல் முழு ஓட்டம். ‘டெக்னிக்கல்’ ஒத்திகை ஒளிக்கும் ஒலிக்கும் உரியது. “ஹோல்ட்” என்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், ஒளி உங்கள் முகத்துக்குத்தான் பொருத்தப்படுகிறது. இலங்கையின் அரங்கியல் பாடநூல்களைப் படித்தால் இயக்குநருக்கு ‘நெறியாளர்’ என்றும் நிகழ்த்துதலுக்கு ‘ஆற்றுகை’ என்றும் இருக்கும்.

கைப்பொருள்களான புராப்ஸுக்கு ஒரு மேசை இருக்கும். எடுத்ததை அதே இடத்தில் வையுங்கள், பிறருடையதைத் தொடாதீர்கள். பக்கவாட்டில் விங்ஸில் காத்திருக்கும்போது உங்களுக்குப் பார்வையாளர் ஒருவர் தெரிந்தால், அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். ஓர் அடி பின்னால் தள்ளி நில்லுங்கள்.