கேட்டிருக்கலாமே!

கேள்வி: என் தங்கை ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. கிளையன்டுக்கு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை உடனே அனுப்பு, சாயங்காலம் பணம் தந்துவிடுகிறேன்" என்று மேலாளர் பெயரில் மின்னஞ்சல் வந்தது. சொந்தச் சேமிப்பிலிருந்து வாங்கி அனுப்பிவிட்டாள். போலி என்று அப்புறம்தான் தெரிந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. அவர்களுக்குப் பொறுப்பே இல்லையா?
— ஒரு வாசகி

பதில்: 'கேட்டிருக்கலாமே' என்ற சொல்லைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

'கேள்' என்பது தமிழில் பொல்லாத வினைச்சொல். பாட்டுக் கேட்கிறோம், வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம். பையன் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறான் என்று அலுத்துக்கொள்கிறோம். காதில் வாங்குவதும் கேட்பதுதான், வாய்திறந்து வினவுவதும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். கேள்வி ஞானம் என்றால் செவிவழி வந்த அறிவு; கேள்வித்தாள் என்றால் அதற்கு நேர்மாறு. ஒரே சொல் இத்தனை பாரம் சுமப்பதால் அதிகாரிகள் தப்பித்துக்கொள்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் வருஷம் முழுக்க 'சொன்னதைக் கேள்' என்பார்கள். பணம் போன அன்றைக்கு மட்டும் 'ஏன் கேட்கவில்லை?' என்பார்கள். சொல் ஒன்றுதான், அர்த்தத்தைப் புரட்டிவிட்டார்கள். இதைவிடக் கொடுமையான இலக்கணத்தை நான் பார்த்ததில்லை.

மோசடிக்காரன் அதிகாரியைக் காப்பியடிக்கிறான். போலி அச்சு அசலாக இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் அசல் எப்படி இருந்தது? 'உடனே', 'அவசரம்', 'இப்ப போன் பண்ணாதே' என்று ஒற்றை வரியில் உத்தரவு போட்டே பழக்கிய மேலாளரைப் போலி செய்ய எந்தத் திறமையும் தேவையில்லை. 'உடனே' என்ற சொல்லின்மேல் எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். அவசர ஊர்திக்கும் தீயணைப்புக்கும் அந்தச் சொல் வேண்டும். மூன்று நாளாக மேசையில் கிடந்த பில்லுக்கு எதற்கு?

எங்கள் அலுவலகத்துக்கும் இப்படியொரு போலி மின்னஞ்சல் வந்தது. கணக்குப் பார்க்கும் அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பெயர் என்னுடையது. கைப்பேசியில் பெயர் மட்டும்தான் தெரியும். அதை விரலால் தொட்டால்தான் முகவரி விரியும். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்ட வைத்திருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்கே பிடிபட்டது. இவர் எப்படிக் கண்டுபிடித்தார்? "'தயவுசெய்து'ன்னு போடாம நீங்க எழுத மாட்டீங்களே சார்" என்றார். முகவரியை அவர் பார்க்கவே இல்லை.

மின்னஞ்சலின் பிறவிக் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்காக எழுதியது. 'அனுப்புநர்' இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம், தபால் உறையின் மூலையில் எழுதுவது போலத்தான். பின்னால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று பூட்டுகள் வந்தன. நிறுவனத்தின் முகவரியையே திருடி எழுதினால் அவை தடுக்கும். வேறு முகவரியிலிருந்து வெறும் பெயரை மட்டும் போட்டு வந்தால், 'இது வெளியிலிருந்து வந்த கடிதம்' என்று தலையில் ஒரு பட்டை காட்டலாம். இந்தப் பூட்டையும் பட்டையையும் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? உங்கள் தங்கையிடம் இல்லை. சாவியை வைத்திருந்தவர்களே 'நீ ஏன் கதவைப் பூட்டவில்லை' என்று அவளிடம் கேட்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கு நடந்தது. அதுவும் பத்திரிகை வெளியிடும் நிறுவனம் என்பதால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நிர்வாக இயக்குநர் விடுமுறையில் இருந்தபோது, 2015-ல், அவர் பெயரில் வந்த மின்னஞ்சல்களை நம்பி ஓர் ஊழியர் நிறுவனப் பணத்தை அனுப்பிவிட்டார். வங்கி ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியதோடு நிற்காமல், மீதி சுமார் 1,08,000 பவுண்டை அவரே தர வேண்டும் என்று வழக்கும் போட்டது. 2019-ல் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட மோசடி பற்றி அவருக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை என்பது அந்த வழக்கில் பேசப்பட்டது. எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். விமான பாகங்கள் செய்யும் எஃப்ஏசிசி என்ற ஆஸ்திரிய நிறுவனம் இதே தந்திரத்தில் சுமார் 5 கோடி யூரோ இழந்தது. 2016-ல் தலைமை நிர்வாகியையே வெளியே அனுப்பினார்கள். பொறுப்பு மேலே ஏறிப்போன அபூர்வமான இடம் அது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2802-ஆம் பிரிவில், வேலையைச் செய்ததன் நேரடி விளைவாக ஊழியருக்கு நேரும் அவசியமான செலவையும் இழப்பையும் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது. ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்கள் கவனக்குறைவைத் தரம் பிரிக்கின்றன: லேசானது என்றால் ஊழியர் ஒன்றும் தர வேண்டாம், நடுத்தரம் என்றால் இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அங்கேயும் மிகக் கடுமையான அலட்சியத்துக்குத் தப்பில்லை. ஐந்து மாத ஊழியர் மேலாளர் பேச்சை நம்பியதை எந்த நியாயவானும் அந்தப் பட்டியலில் சேர்க்கமாட்டான்.

'பயிற்சி' என்றவுடன் ஒரு பழைய சண்டை ஞாபகம் வருகிறது. ஊழியரைச் சோதிக்கப் போலி மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை நான் இங்கே கண்டித்தபோது, ஒரு மனிதவள மேலாளர் நான்கு பக்கம் மறுப்பு எழுதினார். அவருக்கு இன்றைக்கும் என் பதில் இதுதான். இணைய முகவரி விற்கும் கோடேடி நிறுவனம் 2020 டிசம்பரில், பெருந்தொற்றின் நடுவே, 650 டாலர் போனஸ் என்று ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆசையோடு தொட்டவர்களுக்கு 'தேர்வில் தோற்றீர்கள்' என்று பதில் போனது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, தூண்டில். 'பணம் என்று வந்தால் என்னையே கூப்பிட்டுக் கேள், ராத்திரியானாலும் கோபப்பட மாட்டேன்' என்று மேலாளர் ஊழியர்முன் சொல்லி, அப்படியே ஒரு தடவை நடந்தும் காட்டினால் அது பயிற்சி.

உங்கள் தங்கை இன்றே செய்ய வேண்டியது: கார்டுகளை விற்ற நிறுவனத்துக்கும் தன் வங்கிக்கும் ரசீதோடு தகவல் கொடுக்கட்டும், பயன்படுத்தாத தொகையை முடக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் வேண்டும். அந்த மின்னஞ்சலை அழிக்கக் கூடாது. 'என் கவனக்குறைவு' என்று எழுதிக்கொடுத்து எதிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

அப்புறம் நிறுவனத்துக்கு எழுத்தில் மூன்று கேள்வி. எனக்கு இதுபற்றிப் பயிற்சி தந்த தேதி எது? பணம் கேட்டு வரும் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் நடைமுறை எந்தக் காகிதத்தில் இருக்கிறது? இதற்குமுன் மேலாளர் எந்த ஊழியரையும் சொந்தப் பணத்தில் வாங்கிவரச் சொன்னதே இல்லையா? 'கேட்டிருக்கலாமே' என்றார்களே, இப்போது அவள் கேட்கட்டும். வரும் பதிலை எனக்கு அனுப்பிவையுங்கள். பெயர்களை எடுத்துவிட்டு இதே பக்கத்தில் போடுகிறேன்.