பிரிட்டன் கிராமங்களில் ஜூபிலி வார இறுதி என்றால் என்ன?

மன்னரோ அரசியோ அரியணை ஏறி இத்தனை ஆண்டு நிறைந்தது என்று கொண்டாடுவதே ஜூபிலி. இரண்டாம் எலிசபெத் அரசியானது 1952 பிப்ரவரி 6. ஆனால் 70 ஆண்டு விழா 2022 ஜூன் 2 முதல் 5 வரை நடந்தது. பிப்ரவரி 6 அவர் தந்தை இறந்த நாளும்கூட, குளிரும் கடுமை. மே இறுதி விடுமுறையை ஜூன் 2க்குத் தள்ளி, 3ஆம் தேதியையும் விடுமுறையாக்கியதால் நான்கு நாள் கிடைத்தது.

வியாழன் இரவு மேட்டில் பெருந்தீ மூட்டுவார்கள். ஞாயிறு மதியம் தெருவில் நீள மேசை போட்டு விருந்து. அது நம் கூட்டாஞ்சோறு போலத்தான்: ஒரு வீட்டிலிருந்து சாண்ட்விச், இன்னொரு வீட்டிலிருந்து கேக். யார் எதைக் கொண்டுவருவது என்று முன்பே எழுதி வைக்காவிட்டால் மேசை முழுக்கக் கேக்காகவே இருக்கும். தெருவை மூட உள்ளாட்சி மன்றத்திடம் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மழைக்கு ஊர் மண்டபத்தையும் பிடித்து வைப்பது அவசியம்.

அரண்மனை பணம் கொடுத்து நடத்தும் விழா இது என்று பலர் நினைக்கிறார்கள். கிராமத்து விருந்துக்கு மேசை போடுவதும் செலவைப் பகிர்வதும் பெரும்பாலும் ஊர்க்காரர்களே.