காபிக் கேள்வி–பதில்: மலிவான தூளா, மலிவான டம்ளரா?

காபித்தூள் விலை ஏறியதிலிருந்து கடலூர், புதுச்சேரிப் பக்கமிருந்து அதைப் பற்றிய கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையைப் போட்டு அதே கணக்கைச் செய்து பாருங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர். காலை, மாலை இரு வேளையும் பில்டர் காபி. இப்போது 80:20 தூள் (காபி 80, சிக்கரி 20 சதவீதம்) வாங்குகிறோம். சரிபாதி சிக்கரி கலந்த தூளுக்கு மாறினால் மாதச் செலவு குறையுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குறைவது போலத் தெரியும், ஆனால் பெரும்பாலும் குறையாது. முதலில் ஒரு டம்ளருக்கு என்ன செலவு என்று பார்ப்போம். நான்கு டம்ளருக்கு 24 கிராம் தூள், 160 மில்லி தண்ணீர் போதும். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எனவே 110 மில்லி டிகாஷன் இறங்கும். ஆளுக்கு 27 மில்லி, அதோடு 100 மில்லி பால்.

ஆக, ஒரு டம்ளருக்குத் தூள் 6 கிராம். கிலோ 800 ரூபாய் என்றால் 4 ரூபாய் 80 காசு. 80:20 தூள் என்பதால் அந்த 6 கிராமில் காபி 4.8 கிராம், மீதி சிக்கரி. சரிபாதித் தூள் (சட்டப்படி காபி 51, சிக்கரி 49 சதவீதம்) கிலோ 550 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். அதே 6 கிராம் போட்டால் 3 ரூபாய் 30 காசுதான். மாதம் 240 டம்ளருக்கு 360 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் அதில் காபி சுமார் 3 கிராம்தான். நிறம் கறுப்பாக வரும், நாக்கில் கசப்பும் இருக்கும், காபி குடித்த திருப்தி மட்டும் வராது. நாலாம் நாள் கை தானாக இன்னொரு ஸ்பூன் போடும். பழைய 4.8 கிராம் காபி வேண்டுமென்றால் இந்தத் தூளில் 9.4 கிராம் போட வேண்டும். அதன் விலை 5 ரூபாய் 17 காசு. மலிவுத் தூளில் டம்ளர் விலை ஏறிவிட்டது.

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்குகிறவர்கள் சிக்கரியைத் தொடாமல் கொட்டையை மாற்றலாம். நம் ஊரில் பலர் யோசிக்காமல் ‘பீபெரி’ என்று கேட்கிறார்கள். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒற்றைப் பருப்பாக உருண்டு விளைந்தது பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், விலையும் கூடுதல். அதற்காக அதில் ‘ஸ்ட்ராங்’ அதிகம் என்று நினைக்க வேண்டாம். பால் ஊற்றிக் குடிக்கிற காபியில் அதற்கும் ‘பிளான்டேஷன் ஏ’-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஏ, பி, சி என்பவை பெரும்பாலும் கொட்டையின் அளவைக் குறிக்கும் தரங்கள். பி அல்லது சி கேட்டாலே விலை இறங்கும். பிளான்டேஷன் என்றால் தண்ணீரில் கழுவித் தோல் நீக்கிய அராபிகா வகைக் கொட்டை. செர்ரி என்றால் பழத்தோடு வெயிலில் உலர்த்தியது. ரோபஸ்டா என்ற இன்னொரு வகையின் செர்ரி பொதுவாக விலை குறைவு, காஃபின் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, டிகாஷனும் கெட்டியாக வரும். முழுக்க ரோபஸ்டா போட்டால் மரக்கட்டை வாசம் வரும் என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: “பிளான்டேஷன் சி 140 கிராம், ரோபஸ்டா செர்ரி 60 கிராம், சிக்கரி 50 கிராம்.” மொத்தம் கால் கிலோ, 80:20 கலவை. சிக்கரியைத் தனியாக நிறுத்துத் தனிப் பொட்டலமாக வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. எவ்வளவு சேர்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும்.

விலை ஏன் இப்படி ஏறியது என்றும் கேட்டிருந்தீர்கள். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சியால் விளைச்சல் அடிபட்டது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. சிக்கமகளூருவிலும் ஏற்காட்டிலும் விளைகிற கொட்டைக்கும் அந்தச் சந்தைதான் விலை வைக்கிறது.

கேள்வி: டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. காலை ஐந்து மணிக்கு ஊற்றினால் ஆறரைக்கும் பாதி மேலேயே நிற்கிறது. பில்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. தூள் போடாமல் மேல்பாத்திரத்தில் வெறும் வெந்நீர் ஊற்றுங்கள். எல்லாத் துளையிலும் மழை போலக் கொட்ட வேண்டும். ஓரத்தில் மட்டும் ஒழுகினால் துளைகள் அடைத்திருக்கின்றன. காபி எண்ணெயும் நுண்தூளும் சேர்ந்து துளைக்குள் இறுகியிருக்கும், சோப்பு போட்டுத் தேய்த்தால் அது போகாது. எவர்சில்வர் பில்டர் என்றால் மேல்பாத்திரத்தை ஈரமில்லாமல் துடைத்து, கவிழ்க்காமல் அடுப்புத் தீயில் இரண்டு நிமிடம் காட்டுங்கள். அடைப்பு கருகிச் சாம்பலாகும். ஆறியபின் தரையில் தட்டி, ஊசியால் குத்தி, கழுவிவிடுங்கள். ஈயம் (வெள்ளீயம்) பூசிய பித்தளை பில்டரை மட்டும் தீயில் காட்டவே கூடாது. அந்தப் பூச்சு சுமார் 232 டிகிரியில் உருகிவிடும். அதற்குச் சமையல் சோடா கலந்த கொதிநீரில் இரவு முழுக்க ஊறப்போடுவதுதான் வழி.

துளை சுத்தமாக இருந்தும் இறங்கவில்லை என்றால் மூன்று காரணங்கள். தூள் மாவு மாதிரி அரைபட்டிருக்கலாம். விரலிடுக்கில் தேய்த்தால் மைதா போல வழுக்கக் கூடாது, நைஸ் ரவை போல லேசாக நெருநெருக்க வேண்டும். சிக்கரி அதிகமாக இருக்கலாம், அது தண்ணீர் பட்டதும் ஊதிக் கூழாகிவிடும். அல்லது காம்பு வைத்த தட்டால் தூளை அழுத்தி இறுக்கியிருப்பீர்கள். தூள் சமமாகும் அளவுக்கு மெல்ல அமுக்கினால் போதும், பிறகு தட்டை அதன் மேலேயே விட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மேல்பாத்திரம் கீழ்ப்பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்து விளிம்பு ஈரமாகிவிட்டால் கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. சொட்டு நின்றுவிடும். மேல்பாத்திரத்தை ஒரு முறை லேசாகத் தூக்கி வையுங்கள், மளமளவென்று இறங்கும்.

ஊற்றும் முறை: தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, அரை நிமிடம் பொறுங்கள். முதலில் தூள் நனையும் அளவுக்கு 40 மில்லி. ஒரு நிமிடம் கழித்து, குமிழி அடங்கியதும் மீதியை ஊற்றுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் முழுவதும் இறங்கினால் பதம் சரி. ஐந்தே நிமிடத்தில் ஓடிவிட்டால் தூள் பெரிதாக அரைபட்டிருக்கிறது, டிகாஷன் வெளிறியிருக்கும். இரண்டாம் டிகாஷன் எடுக்கிறவர்கள் 60 மில்லிக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதைத் தனியாகக் கலக்காமல் முதல் டிகாஷனோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் கசப்பு தெரியாது.

கேள்வி: பாக்கெட்டில் போட்டிருக்கும் சிக்கரி அளவை நம்பலாமா? வீட்டில் சோதிக்க முடியுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்ட விதி. பெயரில் ‘கோல்டு’, ‘ஸ்பெஷல்’ என்று என்ன இருந்தாலும் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வீட்டுச் சோதனை எளிது. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடிழுத்துக்கொண்டே கீழே போகும். இதில் சதவீதம் தெரியாது. ஆனால் ‘சுத்தக் காபி’ என்று விற்றது சுத்தம்தானா என்பது தெரியும்.

சிக்கரியைக் கலப்படம் என்று ஏச வேண்டியதும் இல்லை. அது ஒரு செடியின் கிழங்கு, நமக்கு குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. 1806-இல் நெப்போலியன் பிரிட்டனோடு வணிகத்துக்குத் தடை போட்டபோது காபிக்கொட்டை வரத்து குறைந்து, பிரான்ஸ் மக்கள் சிக்கரிக்குப் பழகினார்கள். புதுச்சேரிக்காரர்கள் அதைக் கேலி செய்வது அவ்வளவு பொருத்தமில்லை! சொல்லாமல் கலந்தால்தான் குற்றம்.

கேள்வி: ஒரு கிலோவாக வாங்கினால் விலை குறைவு என்று வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். பத்து நாளில் வாசனை போய்விட்டது.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அரைத்த தூளுக்கு இரண்டு வாரம்தான் நல்ல ஆயுள். தினமும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தூளில் படியும், வாசனை ஓடும். பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக மூடும் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். சின்ன டப்பா நல்லது, உள்ளே காற்றுக்கு இடம் இருக்காது. பழைய தூளின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். மொத்தமாகத்தான் வாங்க வேண்டும் என்றால் 100 கிராம் பொட்டலங்களாக இறுகக் கட்டி ஃபிரீசரில் வையுங்கள். எடுத்த பொட்டலம் அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரிக்க வேண்டும், மீண்டும் உள்ளே வைக்கக் கூடாது. கொட்டையாக வாங்கினால் ஒரு மாதம் தாங்கும். மிக்ஸியில் ஐந்தைந்து நொடியாக விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகிக் கருகல் வாசம் வரும்.

கேள்வி: எங்கள் தெருத் தண்ணீர் உப்பு. அதனால் கேன் தண்ணீரில் டிகாஷன் போட்டால் சப்பென்று இருக்கிறது.
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: காபிக்கு லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் உள்ள தண்ணீர் ஏற்றது, 150 வாக்கில் மிக நல்லது. சுத்திகரித்த கேன் தண்ணீரில் இது 40-க்கும் கீழே போய்விடுவதுண்டு, அப்போது காபி சப்பென்றோ, புளிப்புத் தட்டியோ இருக்கும். குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீர் 500 அளவில் இருந்தால், மூன்று பங்கு கேன் தண்ணீரோடு ஒரு பங்கு கலந்தாலே 150-க்கு வந்துவிடும். நாக்கில் கரிக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலக்க வேண்டாம். அது கடல் உப்பு, டிகாஷனைக் கெடுக்கும்.

கேள்வி: நாட்டுச்சர்க்கரை போட்டால் பால் திரிகிறது. ஏன்?
– வாசகி, பண்ருட்டி

பதில்: வெல்லத்திலும் நாட்டுச்சர்க்கரையிலும் கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, டிகாஷனும் புளிப்புள்ளது. கொதிக்கிற பாலில் இரண்டும் சேர்ந்தால் திரியும். காபியைக் கலந்து, ஆற்றி, குடிக்கும் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். காலையில் இறங்கி மாலைவரை வெளியில் இருந்த டிகாஷனில் திரிவது இன்னும் சுலபம்.

கேள்வி: வெளிநாட்டு நண்பர் ‘பிரெஞ்ச் பிரஸ்’ ஜாடி (கொதிநீரில் ஊறிய தூளை வலைத்தட்டால் கீழே அழுத்துவது) கொடுத்துவிட்டுப் போனார். பில்டர் தூள் போட்டால் சேறு மாதிரி வருகிறது, அழுத்தவும் முடியவில்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: பில்டர் தூள் அதற்கு ரொம்ப நைஸ். வலையில் அடைத்துக்கொண்டிருக்கும்போது பலமாக அழுத்தினால் கொதிநீர் கைமேல் பீறிடும், ஜாக்கிரதை. சிக்கரி இல்லாமல், உப்புமா ரவையை விடப் பெரிய பதத்தில் அரைத்துத் தரச் சொல்லுங்கள். 15 கிராமுக்கு 250 மில்லி, நான்கு நிமிடம், பிறகு மெதுவாக அழுத்தி உடனே ஊற்றிவிடுங்கள். ஜாடியிலேயே விட்டால் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு 25 பேர். பில்டரில் எத்தனை தடவை போடுவது?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பில்டரை விடுங்கள், துணிதான் சரி. புதிய வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் கொதிநீரில் அலசிக் கஞ்சியை நீக்குங்கள். 1.1 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சற்றுப் பெரிதாக அரைத்த தூள் 160 கிராம் போட்டுக் கிளறி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் துணியில் வடியுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் வண்டலும் கசப்பும் இறங்கும். சுமார் 780 மில்லி கிடைக்கும், ஆளுக்கு 30 மில்லி. பால் இரண்டேகால் லிட்டர். புதுச்சேரியில் பாண்லே, கடலூரில் ஆவின், எதுவானாலும் கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டாக வாங்குங்கள், தண்ணீர் சேர்க்க வேண்டாம். டிகாஷனை ஃபிளாஸ்கில் வையுங்கள், அடுப்பில் வைத்தால் கால் மணியில் கருகல் வாசம் வரும். சர்க்கரை 200 கிராம் போதும், தனியாக வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எப்படியும் நான்கு பேராவது இருப்பார்கள்.

கேள்வி: இன்ஸ்டன்ட் மலிவா, பில்டர் மலிவா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கலாம்?
– வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: இன்ஸ்டன்ட் டம்ளருக்கு 2 கிராம், பில்டர் தூள் 6 கிராம். எனவே இன்ஸ்டன்ட் விலை கிலோவுக்கு மூன்று மடங்கைத் தாண்டினால் பில்டர் மலிவு. பாட்டில், சிறு பாக்கெட் இரண்டின் விலையையும் கிராமால் வகுத்துப் பாருங்கள், பெரியதே எப்போதும் மலிவாக இருப்பதில்லை. இன்ஸ்டன்ட் காபிக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய விலையில் விற்றால் கேளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்டில் 50 முதல் 65 மில்லிகிராம் என்பது அதன் கணக்கு. அதாவது பில்டர் காபி இரண்டு, மிஞ்சினால் மூன்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்றும் சொல்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதை அவை தடுக்கும். இட்லியோடு காபியும் வேண்டும் என்கிற பழக்கத்தை, ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் மாற்றட்டும்.