வாசகர் கேள்வி: மாலேயில் வாங்கினால் சென்னை வரை வருமா?

கேள்வி: மாலத்தீவில் வேலை பார்க்கும் என் அண்ணன் கொழும்பு வழியாக ஊருக்கு வருகிறார். மாலே விமான நிலையத்தின் டியூட்டி ஃப்ரீ கடையில் சென்ட் பாட்டில் வாங்கிவரச் சொல்லலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கொழும்பில் விமானம் மாறும்போது கைப்பையை மீண்டும் சோதிப்பார்கள் என்பதால், 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலை, ரசீது வெளியே தெரியும்படி கடைக்காரரே முத்திரையிட்டுத் தரும் பையில்தான் வாங்க வேண்டும். சென்னை வந்து சேரும்வரை அதைப் பிரிக்கவே கூடாது. ஆசையாக ஒருமுறை முகர்ந்து பார்க்கப் பிரித்தாலும் பாட்டில் பறிபோகும்.

வரி இல்லை என்பது அந்த நாட்டு வரியை மட்டுமே குறிக்கும்; சென்னைச் சுங்கத்துறையின் வரம்பு தனி. மதுவகைக்கு 2 லிட்டர், சிகரெட்டுக்கு 100 என்பதே அளவு. எங்கே வாங்கினாலும் ஆமை ஓட்டில் செய்த பொருளும் கருப்புப் பவளமும் வேண்டவே வேண்டாம். அவற்றை மாலத்தீவிலிருந்து வெளியே கொண்டுவரத் தடை உள்ளது.

சாக்லெட்டுக்காக மட்டும் என்றால், விலை டாலரில் இருப்பதால், பர்மா பஜாரில் முதலில் விசாரித்துவிட்டு அண்ணனிடம் சொல்லுங்கள்.