நடுவயதும் முதுமையும்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகளுக்குச் செவிலியர் பதில்கள்

வீட்டில் முதியவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும், நடுவயதைத் தொட்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. மருந்தின் அளவை மாற்றுவது, நிறுத்துவது போன்றவை உங்கள் மருத்துவரின் முடிவு. அவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும், அதுவரை வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

கேள்வி: அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்காங்க. வால் எலும்புகிட்ட சிவப்பா இருக்கு. பவுடர் போட்டு நல்லா தேய்ச்சு விடுறோம். சரிதானே சிஸ்டர்?

தேய்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தசை நசுங்கி, ரத்தம் போகாததால் வந்த சிவப்பு அது. அங்கே தேய்த்தால் ஏற்கெனவே நலிந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழியும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகித் தோலை உராயும். ஸ்பிரிட்டும் வேண்டாம், தோலை வறளவைக்கும்.

சிவப்பின் மேல் விரலை வைத்து மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப்புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது. தோல் கிழியவில்லையே என்று அதை விட்டுவிடக் கூடாது. கருத்த தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வால் எலும்பு மட்டும் போதாது. குதிகால், இடுப்பின் இரு பக்க எலும்பு, தோள்பட்டை, முழங்கை, தலையின் பின்புறம், காது மடல் எல்லாவற்றையும் தினமும் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றுங்கள். பக்கவாட்டில் முழுதாகத் திருப்பினால் இடுப்புப் பக்க எலும்பின் மேல் பாரம் முழுவதும் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும்படி.

பலர் கவனிக்காத ஒன்று சறுக்கல். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கி வைத்தால் உடல் மெல்லக் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் திசு கிழிவது இப்படித்தான். சாப்பாட்டுக்காக உயர்த்தினால், சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், இரண்டு பேர் இருபுறமும் அடிவிரிப்பைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

கேள்வி: ஏர் பெட் வாங்கியாச்சு. அப்பவும் திருப்பிப் போடணுமா? நடுவுல ஓட்டை இருக்கிற ரப்பர் வளையமும் வச்சிருக்கோம்.

திருப்பித்தான் ஆக வேண்டும். மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. அதன் மேல் கம்பளி, ரெக்சின், இரண்டு மூன்று விரிப்பு என்று அடுக்கினால் அந்தப் பயனும் போய்விடும். ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். காற்று போதுமா என்று பார்க்க, இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழையுங்கள். உள்ளங்கைக்கும் உடலுக்கும் நடுவே குறைந்தது 2.5 செ.மீ. அளவு மெத்தை தாங்கி நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை.

ரப்பர் வளையத்தை எடுத்துவிடுங்கள். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தைத் தடுக்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது. மூன்று நாளுக்கு முன்புவரை தெளிவாக இருந்தார். இப்போது யாரென்று தெரியாமல் பேசுகிறார், இரவு முழுக்கத் தூங்குவதில்லை. மறதி நோய் வந்துவிட்டதா?

மூன்று நாளில் வருவது மறதி நோயின் இயல்பு அல்ல. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகரும். திடீரென்று வந்து, காலையில் தேவலை மாலையில் மோசம் என்று ஏறி இறங்கி, ஒரு பேச்சில் கவனம் நிற்காமல் போவது டெலீரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். இது அவசரம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சு குழறல் இருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, சோடியம் குறைவது, சுகர் ஏறுவது அல்லது இறங்குவது, பல நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து. தூக்க மாத்திரையும், தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளில் உள்ள குளோர்பெனிரமின் போன்றவையும் முதியவர்களின் மூளையைக் குழப்பக்கூடியவை. ஆகவே கடந்த இரண்டு வாரத்தில் தொடங்கிய, நிறுத்திய, அளவு மாற்றிய மருந்துகள் அனைத்தையும் பட்டியலிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

"காய்ச்சல் இல்லையே" என்று ஆறுதல் அடைய வேண்டாம். முதுமையில் உடல் சூடு அவ்வளவாக ஏறாது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே காய்ச்சல்தான். அவருடைய வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி கூடினாலும் அப்படித்தான். அதனால்தான் நலமாக இருக்கும் நாட்களிலேயே சூடு, நாடித்துடிப்பு, பிரஷர் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்கிறேன். அவருக்கு எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது மாறியது என்று தெரியும்.

கத்தி ரகளை செய்பவரைப் பார்த்து வீடே பதறும். சத்தமில்லாமல் சுருண்டு, கூப்பிட்டால் மட்டும் கண் திறப்பவரை "பாவம், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் டெலீரியம்தான், கண்டுபிடிக்கத் தாமதமாவதால் அதிக ஆபத்தானது.

வீட்டில் செய்ய வேண்டியது: கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் மங்கிய விளக்கு. தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். கையைக் கட்டிப் போடாதீர்கள், குழப்பம் கூடும்.

கேள்வி: சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறுகிறது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகம்.

தண்ணீர் வேகமாக ஓடும். மூச்சுக்குழாயின் வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கம் போய்விடுகிறது. முதுகை நிமிர்த்தி 90 டிகிரியில் உட்காரவைத்து, முகவாயைச் சற்று மார்பை நோக்கித் தாழ்த்தி, ஒரு டீஸ்பூன் அளவு மட்டும் கொடுங்கள். நீங்களும் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், வழி மூச்சுக்குழாய்க்குத் திறந்துவிடும். விழுங்கியதை உறுதி செய்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பக்கவாதம் வந்த பக்கத்தில் அடிக்கடி தங்கும். பிறகு 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

விழுங்கிய பின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் உணவு தவறான வழியில் போயிருக்கிறது என்று பொருள். சிலருக்கு இருமலே வராமல் போகும். அடிக்கடி சளிக் காய்ச்சல் வருவதுதான் ஒரே தடயமாக இருக்கும். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் காட்டி, எந்தக் கெட்டிப் பதம் அவருக்கு ஒத்துவரும் என்று கேளுங்கள். பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைத்திருப்பது இங்கே வெறும் சுகாதாரம் அல்ல. வாயில் உள்ள கிருமிகள்தான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன.

கேள்வி: மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறோம். மாத்திரைகளை எல்லாம் பொடித்துக் கரைத்து ஒன்றாகக் கொடுக்கலாமா?

ஒன்றாக வேண்டாம். ஒவ்வொன்றாகப் பொடித்து, தனித்தனியாகக் கரைத்துக் கொடுத்து, நடுவில் சிறிது தண்ணீர் விடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். நீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்எல் என்று இருக்கும் மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பேன்டோபிரசோல் போன்ற மேல்பூச்சு மாத்திரைகளும் அப்படியே, பொடித்தால் வயிற்று அமிலத்தில் வீணாகும். மாற்று வடிவம் எழுதித் தரச் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் கொடுத்தால் உணவிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றும் கேளுங்கள். உணவோடு சேர்ந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது.

ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கும் முறையை நம்ப முடியாது. உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மை பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே இருப்பது அதைவிட நம்பகமானது. சந்தேகம் இருந்தால் எதுவும் விடாதீர்கள். உணவு கொடுக்கும்போதும், அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆறு நாளா மாமியாருக்கு வெளிக்குப் போகல. இப்ப கொஞ்சம் கொஞ்சமா தண்ணியா கசியுது. பேதி நிக்க மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இறுகிப்போன மலம் கீழே அடைத்துக்கொண்டு, மேலே உள்ள நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை அடைப்பை இன்னும் இறுக்கும். செவிலியரோ மருத்துவரோ ஆசனவாயில் விரல் பரிசோதனை செய்து பார்க்கட்டும். வயிறு உப்பி வாந்தியும் வந்தால் மருத்துவமனை.

கேள்வி: அப்பா இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றி விழுகிறார். பகலில் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது.

உட்கார்ந்து எடுத்த அளவு அது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நின்ற 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நிற்கும்போது பிரஷர் இறங்குகிறது என்று பொருள். எடுக்கும்போது ஒருவர் அருகில் பிடித்துக்கொள்ள வேண்டும். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் போன்றவை, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் இதற்குக் காரணமாகலாம். குறித்த அளவுகளோடு மருத்துவரிடம் போனால், எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று அவர் முடிவு செய்வார்.

அதுவரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை அசைத்த பிறகு எழட்டும். கட்டிலருகே சிறுநீர்க் குடுவை வைத்துவிட்டால் அந்த நடையே தேவைப்படாது.

விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். உள்ளே ரத்தக் கசிவு மெதுவாகவும் வரலாம்.

கேள்வி: சுகர் மாத்திரை சாப்பிடும் பாட்டி திடீரென்று எரிந்து விழுகிறார், உளறுகிறார். வியர்வை இல்லை. லோ சுகராக இருக்குமா?

இருக்கலாம். வயதானவர்களுக்கும், பிரஷருக்கு மெட்டோப்ரோலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு மறுபடி இறங்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி: எனக்கு 53. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் லேசாகப் பட்டது. காத்திருக்கலாமா?

வேண்டாம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்து, பிறகு ஒரு சொட்டு பட்டாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். பலருக்கு உட்சுவர் மெலிவது போன்ற சாதாரணக் காரணம்தான் இருக்கும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனை. வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கவே நேரமில்லை என்று இதைத் தள்ளிப்போடும் பெண்கள் அதிகம். தயவுசெய்து நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: 47 வயதாகிறது. படுக்கையில் விழாமல் முதுமை அடைய இப்போது எதில் கவனம் செலுத்துவது?

தசையில். 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, 60க்கு மேல் வேகம் கூடுகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதே பின்னாளில் ஒருவர் தனியாகக் கழிவறைக்குப் போக முடியுமா என்பதைத் தீர்மானிக்கும். வாரம் 150 நிமிடம் வேக நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு நாளாவது எடையோ ரப்பர் பட்டையோ கொண்டு பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். 65க்கு மேல் சமநிலைப் பயிற்சியும் சேர வேண்டும். அந்த வயதில் சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாளொன்றுக்குத் தேவை. ஒரே வேளையில் இல்லாமல் மூன்று வேளையும் பிரித்து.

பிரஷர், சுகர், கொழுப்பு, கண் அழுத்தம், வயதுக்கேற்ற புற்றுநோய்ப் பரிசோதனைகள் இவற்றையும் இப்போதே தொடங்குங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கப் போகும் அன்றே கண் அழுத்தத்தையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற அப்பா பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். "வீணாப் போச்சு வாழ்க்கை" என்கிறார். பேச்சை மாற்றவா?

மாற்றாதீர்கள். மனித வளர்ச்சியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த எரிக் எரிக்சன், கடைசிக் கட்டத்தின் வேலை வாழ்ந்ததைத் திரும்பிப் பார்த்து ஏற்றுக்கொள்வது என்றார். 1963ல் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் இதை வாழ்க்கை மீள்பார்வை என்று விளக்கி, பழையதைப் பேசுவது முதுமையில் இயல்பான தேவை என்று காட்டினார். "அப்போ என்ன முடிவெடுத்தீங்க? யார் துணையா இருந்தாங்க?" என்று கேளுங்கள். அவர் கையால் ஆகும் வேலை ஒன்றை உண்மையாகவே அவரிடம் விடுங்கள்.

அதே கதையை ஒரே மணி நேரத்தில் சொன்ன நினைவே இல்லாமல் சொன்னால் ஞாபக சக்தியைப் பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் குறைந்திருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். அது வயதின் இயல்பு அல்ல, சிகிச்சைக்குக் கட்டுப்படும். சாக நினைக்கிறாரா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கத்திப் பேசினாலும் புரியவில்லை என்கிறார்.

முதுமையில் முதலில் கேட்காமல் போவது உச்ச சுருதியில் உள்ள கீச்சொலிகள். கத்தும்போது குரல் இன்னும் உச்சத்துக்குப் போகிறது. முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து, குரலின் சுருதியைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். அதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவைத் தூக்கித் தூக்கி என் முதுகு போய்விட்டது. வேறு வழி உண்டா?

தூக்குவதை விட்டு, அவரை எழவைக்கப் பாருங்கள். சக்கர நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக, அவருடைய பலமான பக்கத்தில் நிறுத்தி பிரேக்கைப் போடுங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் பதியவையுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்குளைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும், பக்கவாதம் வந்த பக்கம் எளிதில் நழுவும். உங்கள் முழங்கால் மடங்கட்டும், முதுகு வளைய வேண்டாம். "மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும், முன்னால சாயுங்க" என்று சொல்லி, மூன்று எண்ணி இருவரும் சேர்ந்து எழுங்கள். எழுந்தபின் உடலைத் திருகாமல் சிறு சிறு அடிகளாகத் திரும்புங்கள். அவர் கையால் உங்கள் கழுத்தைப் பிடிக்க விடாதீர்கள். காலில் பாரமே ஏற்ற முடியாதவர் என்றால் ஒருவர் தனியாகச் செய்யும் வேலை அல்ல இது. இரண்டாவது ஆளோ, நோயாளியைத் தூக்கும் கருவியோ ஏற்பாடு செய்யுங்கள்.