இணையம் அறிவோம்: வைஃபை இருக்கிறது, இணையம் எங்கே?

கேள்வி: கைத்தொலைபேசியில் வைஃபை சின்னம் முழுமையாகத் தெரிகிறது. ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. ‘இணைய இணைப்பு இல்லை’ என்று வருகிறது. சின்னம் பொய் சொல்கிறதா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: சின்னம் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் அந்த உண்மை உங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. வைஃபை என்பது கைத்தொலைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வானொலி அலைத் தொடர்பு மட்டுமே. ரவுட்டரிலிருந்து கண்ணாடியிழை வந்து சேரும் சிறு பெட்டிக்கும், அங்கிருந்து சேவை நிறுவனத்துக்கும், அதற்கப்பால் வெளியுலகத்துக்கும் செல்லும் பாதை அறுந்து கிடந்தாலும் சின்னம் முழுமையாகவே தெரியும்.

ஆகவே உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டு போவதே முறை. முதலில் வைஃபை அமைப்புகளுக்குள் சென்று ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் உங்கள் சாதனத்தை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். ஒரு சாதனம் வீட்டு வலையமைப்பில் சேர்ந்தவுடன், டிஎச்சிபி என்னும் நெறிமுறையின்படி தனக்கு ஓர் எண் வேண்டும் என்று கேட்கிறது. ரவுட்டரும் குறிப்பிட்ட காலத்துக்கு ஓர் எண்ணை அதற்கு ஒதுக்குகிறது. அந்த எண் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கோளாறு இல்லை. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் பதில் தராததால் சாதனம் தானாகவே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள்.

எண் சரியாக இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், உலாவியின் முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று மட்டும் தட்டுங்கள். அது திறந்தாலோ, பட்டையில் வேறு பெயராக மாறினாலோ பாதை நன்றாகவே இருக்கிறது. இணையத்தளப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில்தான் பெரும்பாலும் சிக்கல். திறக்காவிட்டால் கண்ணாடியிழைப் பெட்டியின் விளக்குகளைக் கவனியுங்கள். ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை. இழை எங்காவது மேசைக்கடியில் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான். அழைக்கும்போது ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று தொடங்காமல் ‘எல்ஓஎஸ் சிவப்பாக எரிகிறது’ என்று தொடங்குங்கள். பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: என் மடிக்கணினியின் ஐபி முகவரி 192.168.1.5. தெம்பனிசில் இருக்கும் தங்கை வீட்டுக் கணினியிலும் அதே எண்தான். இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி இருக்கலாமா?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: தாராளமாக இருக்கலாம். #08-112 என்ற வீட்டு எண் சிங்கப்பூர் முழுவதும் எத்தனையோ புளோக்குகளில் உண்டு. ஆறிலக்க அஞ்சல் குறியீடும் சேர்ந்தால்தான் கடிதம் சரியான கதவுக்கு வரும். 192.168 என்று தொடங்கும் எண்களும் அப்படித்தான்: அவை உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வெளியுலகத்துக்குத் தெரிவது சேவை நிறுவனம் உங்கள் இணைப்புக்குத் தந்திருக்கும் பொது முகவரிதான். வீட்டில் எந்தச் சாதனம் எந்தத் தளத்தைக் கேட்டது என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரிய சாதனத்திடம் சேர்க்கிறது.

இந்தச் சுற்றுவழி ஏன் என்றால், பழைய ஐபி முகவரி 32 பிட் நீளமே, அதாவது 0 அல்லது 1 ஆக அமையும் 32 இலக்கங்களே கொண்டது. அதில் ஏறத்தாழ 429 கோடி எண்களுக்குத்தான் இடம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்திலும் எண்களை அளந்து கொடுக்கும் நிலை வந்துவிட்டது. 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முகவரிதான் நிலையான தீர்வு.

கேள்வி: வீட்டில் 1 ஜிகாபிட் இணைப்பு இருக்கிறது. ஆனாலும் இரவில் அறையிலிருந்து சென்னையில் இருக்கும் அம்மாவுடன் காணொளியில் பேசும்போது குரல் வெட்டி வெட்டி வருகிறது. 10 ஜிகாபிட்டுக்கு மாறினால் சரியாகுமா?
- வாசகி, பொங்கோல்

பதில்: கடைத்தொகுதிகளில் மேசை போட்டு விற்பவர்கள் ஆகும் என்பார்கள். நான் ஆகாது என்பேன். ஒரு காணொளி அழைப்புக்குச் சில மெகாபிட் போதும். உங்களிடம் இருப்பது 1,000 மெகாபிட். ஒரு வினாடியில் எவ்வளவு தரவு செல்லும் என்பது வேறு. ஒரு துளித் தரவு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பது வேறு. முன்னதைத்தான் பணம் கொடுத்துக் கூட்ட முடியும்.

பின்னதை முடிவு செய்வது தூரம். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே 2002 முதல் இயங்கிவரும் கடலடிக் கம்பிவடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. கண்ணாடியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்வர 32 மில்லிவினாடி ஆகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். ஆகவே கடலைக் குறை சொல்வதற்கில்லை.

குரல் வெட்டுப்படுவதற்கான காரணம் நெறிமுறையில் தெரியும். வங்கிப் பக்கம் போன்றவற்றுக்கு உதவும் டிசிபி, தரவைப் பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பி, வழியில் தொலைந்ததை மீண்டும் அனுப்பச் செய்து, வரிசை மாறாமல் சேர்க்கிறது. பேச்சுக்கு அந்தப் பொறுமை உதவாது. இரண்டு வினாடிக்கு முன் தொலைந்த ‘சாப்பிட்டியா’ இப்போது வந்து என்ன பயன்? அதனால் அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி நெறிமுறையில் செல்கின்றன. அதில் தொலைந்தது தொலைந்ததுதான். அந்த இடைவெளியே உங்கள் காதில் வெட்டாக விழுகிறது.

எங்கே தொலைகிறது? என் ஊகம் உங்கள் வீட்டுக்குள்ளேயே. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட பாதுகாப்பு அறை, அதாவது நாம் பாம் ஷெல்ட்டர் என்று சொல்லும் அறை, இருக்கிறது. ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே அது நின்றால், அதிலும் ரவுட்டரையே அதற்குள் வைத்திருந்தால், வைஃபை அலை திணறும். கணினியை அறையில் வைத்து, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி விடை வர ஆகும் நேரத்தைக் காட்டும் ‘பிங்’ கட்டளையால் ரவுட்டரின் முகவரியைச் சோதியுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 என்றிருக்கும். விடை சில மில்லிவினாடிகளில் சீராக வந்தால் வீட்டில் குற்றமில்லை. அம்மாவின் பக்கத்து இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 5, 180, 40 என்று எகிறிக் குதித்தால், ரவுட்டரை வெளியே நகர்த்துங்கள் அல்லது அறைவரை கம்பி இழுத்து இன்னொரு வைஃபை சாதனம் வையுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி வைத்துக்கொள்ள முடியுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: முடியும். ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ்ப் பின்னொட்டு, சீன எழுத்துப் பின்னொட்டுடன் சேர்ந்து 2011ஆம் ஆண்டு வந்தது. ஆனால் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறையில் இணையத்தளப் பெயர்கள் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால்தான் அமைகின்றன. அதனால் நீங்கள் தமிழில் தட்டியதை உலாவி உள்ளுக்குள் ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னே நிற்கும் ஒரு சரமாக மாற்றித்தான் அனுப்புகிறது. குறுஞ்செய்தியில் வரும் வங்கி இணைப்பு அப்படித் தொடங்கினால் தொடாதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் அயல்மொழி எழுத்துகளைக் கொண்டு போலித் தளங்களைப் பதிவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.